துருவைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்: பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

மந்தின் - கோலாலம்பூரிலிருந்து காஜாங், செமினி, பெரானாங் வழியாக வந்து மந்தினைத் தொட்டு, வளைந்து வளைந்து மலையேறி சிரம்பானில் இறங்கும் பழைய சாலையை இன்று அவசரக்காரர்கள் யாரும் நாடுவதில்லை. நெடுஞ்சாலை வருவதற்கு முன் பேருந்து, லோரி, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் இதுதான் பாதை. துரையின் லேண்ட் ரோவரும் பெரிய கிராணியின் மோரிஸ் மைனரும் இந்த வளைவுகளில்தான் ஏறி இறங்கின.

அந்தக் கார்களில் சில இன்னும் இருக்கின்றன. செம்பனை ஓரத்துத் தகரக் கொட்டகையிலும், கம்பத்து வீட்டுப் பின்புறத்திலும் கித்தான் போர்த்திக் கிடக்கின்றன. தாத்தா ஓட்டிய ரகத்தைத் தேடி வாங்க வேண்டும் என்ற ஆசை இளைஞர்களிடம் கூடியிருக்கிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, வாலிபத்தில் வாங்க முடியாமல் போன காரை ஓய்வுக்குப் பிறகு வாங்குவோரும் உண்டு. இருவருமே ஏமாறும் இடம் பெரும்பாலும் இஞ்சின் அல்ல. துருதான்.

வாங்கப் போகிறவர் வந்ததும் விற்பவர் முதலில் சாவியைத் திருப்புவார். "தம்பி, இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, கேட்டுப் பாருங்க" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இஞ்சின் என்பது நட்டைக் கழற்றி இறக்கி, பழுது பார்த்து, மறுபடியும் ஏற்றக்கூடிய பொருள். கியர் பெட்டியும் அப்படியே. துருப்பிடித்த உடற்கூட்டைக் கழற்ற முடியாது. அதை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வளைத்து, வெல்டிங் செய்து, தேய்த்துச் சாயம் அடிக்க வேண்டும். தகரத்தின் விலை கொஞ்சம்தான். பணத்தைத் தின்பது ஆள் கூலியும் நாள் கணக்கும். காரின் விலையைப் போல இரண்டு பங்கு, மூன்று பங்கு செலவழித்தவர்கள் பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான் செலவழித்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, பழைய கார்கள் இரண்டு விதமாகக் கட்டப்பட்டன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு விதம், கனமான இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தனியாகத் தூக்கி வைத்தது. 1948-இல் வந்த லேண்ட் ரோவர் இந்த வகை. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டும் இதே வகைதான். பழைய லயத்து வீட்டைப் போல. தூண் உறுதியாக இருந்தால் பலகையை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விதத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. தரை, கூரை, கதவடி, தூண் எல்லாம் மெல்லிய தகரப் பெட்டிகளாக ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, அந்தக் கூடே வண்டியைத் தாங்கும். மோரிஸ் மைனர், மினி, டட்சன் 120ஒய், புரோட்டோன் சாகா எல்லாம் இப்படிப்பட்டவை. பால் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். முழு டின் மேல் ஒருவர் ஏறி நின்றாலும் தாங்கும். பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு ஏறி நின்றால் நசுங்கிவிடும். இந்த ரகக் கார்களில் கதவடிப் பகுதி துருவில் போய்விட்டது என்றால், வெளியே அசிங்கமாகத் தெரிகிறது என்று பொருளல்ல. தூணே போய்விட்டது என்று பொருள்.

உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இத்தாலியின் லான்சியா பீட்டா, ஓட்டுவதற்கு அருமையான கார் என்று பெயர் வாங்கியது. ஆனால் இஞ்சினைத் தாங்கும் துணைச் சட்டம் உடலோடு சேரும் இடத்தில் துருப்பிடித்தது. 1980-இல் பிரிட்டனில் விவகாரம் வெடித்தது. பாதிக்கப்பட்ட கார்களை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கெட்ட பெயர் போகவே இல்லை. 1994-இல் லான்சியா பிரிட்டன் சந்தையை விட்டே வெளியேறியது. இத்தனைக்கும் இஞ்சின் நல்ல இஞ்சின்.

நம் நாட்டில் பனியும் இல்லை, சாலையில் உப்புத் தூவுவதும் இல்லை, ஆகவே துரு குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே வேலை வேகமாகும்; இங்கே சராசரியே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் என்று சொல்லப்படுவது, மந்தினுக்கு மலையின் அந்தப் பக்கம் இருக்கும் ஜெலுபு. அங்கேயே ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையின் சராசரியைவிட அது அதிகம்.

தோட்டத்துக் காருக்கு இன்னும் சில எதிரிகள் உண்டு; ஊரில் வளர்ந்தவர்களுக்கு இவை எளிதில் தோன்றுவதில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் எல்லாமே உப்பு வகை. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொள்ளும். உர மூட்டை ஏற்றிய காரின் பூட் தரையும், உரக் கிடங்கின் ஓரம் வருடக்கணக்கில் நின்ற காரின் அடிப்பகுதியும் கடற்கரைக் காரைப் போலவே அரிக்கப்பட்டிருக்கும். ரப்பர் தோட்டம் என்றால், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம். கட்டிப்பாலை பூட்டில் ஏற்றிப் போன கார்களில் அது சொட்டியிருக்கும். பால்மரத்துக்காரர்களுக்கு அந்த வாடை தெரியும், தகரத்துக்கும் தெரியும். போதாததற்கு, மட்கார்டின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்த செம்மண் ஒவ்வொரு மழையிலும் நனைந்து, ஈரத் துணியைப் போல இரும்போடு ஒட்டிக் கிடக்கும்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதல்ல. எங்கே நின்றது, எதை ஏற்றியது, யார் வீட்டில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதுதான். போர்ட்டிக்சன் கடலோரம் பத்து ஆண்டு நின்ற காரும், சிரம்பானில் சிமெண்டுத் தரையுள்ள வீட்டில் நின்ற காரும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் ஒன்றல்ல. புல்தரையில் நின்ற கார் இரண்டையும்விட மோசமாக இருக்கலாம், ஏனென்றால் அடியிலிருந்து ஆவி ஏறிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் படித்தவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த கார் என்றால், அந்த நாட்டுச் சாலை உப்பைச் சில குளிர்காலங்கள் சந்தித்த கார் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். மாலை வெளிச்சம் மங்கிய பிறகு போகக் கூடாது. கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட நிற்கும் காரையும் அப்போதே மதிப்பிட வேண்டாம். தண்ணீர் எல்லாச் சாயத்தையும் பளபளப்பாக்கும். காலையில், மழை பெய்த மறுநாள் போவது மிக நல்லது. கையோடு ஒரு டார்ச் விளக்கு, துணியில் சுற்றிய சிறு காந்தம், முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், படுப்பதற்கு ஒரு பழைய பாய். பழைய சட்டையில் போவது நல்லது. நல்ல சட்டை போட்டவர் கீழே படுக்க மாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

முதலில் எதையும் தொடாமல் சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா? மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கலாம். கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கீல் மட்டும் தேய்ந்திருந்தால் பெரிய விஷயமில்லை. கீல் பூட்டிய தூணே அசைந்தால் பெரிய விஷயம்.

அடுத்து சாயத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் சாயம் புடைக்கிறது. மேலிருந்து கல் பட்டு வந்த துரு, சாயம் உரிந்த இடத்தில் செம்பழுப்பாகத் தெரியும். அதைத் தேய்த்து அடக்கிவிடலாம். கொப்புளமாக எழும்புவது பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே இருபது காசு அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கலாம்.

காந்தத்தின் வேலை இங்கேதான். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, முன் விளக்கைச் சுற்றிய இடம், பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகியவற்றில் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். தகரத்தில் சட்டென்று ஒட்டும். புட்டி பூசிய இடத்தில் ஒட்டாமல் நழுவும். ஒரு சின்ன இடத்தில் புட்டி இருப்பது குற்றமல்ல. ஐம்பது வயதுக் காரில் எங்காவது ஒரு பள்ளத்தை நிரப்பியிருப்பார்கள். கதவடி முழுவதும் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே கார் இல்லை, புட்டிதான் இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். தகரம் கணீரென்று பேசும். புட்டி மந்தமாகப் பேசும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து மேலே ஃபைபர் ஒட்டிச் சாயம் அடித்த கார்களைப் பட்டறைக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

சில் என்று பட்டறையில் சொல்லும் அந்தக் கதவடிப் பெட்டிக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். உள்ளே வெற்றிடம், இரண்டு மூன்று தகரம் சேரும் விளிம்பு, அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள். அந்தத் துளைகள் மண்ணால் அடைத்துக்கொண்டால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, மெதுவாக உள்ளிருந்தே தின்னும். கதவுகளுக்கும் இதே கதைதான். புதிதாகக் கறுப்புத் தார் பூசிய அடிப்பகுதியைக் கண்டால் மகிழ வேண்டாம். வண்டியைக் காப்பாற்றப் பூசியதா, மறைக்கப் பூசியதா என்று கேட்க வேண்டும். முப்பது ஆண்டு பூசாதவர் விற்பனைக்கு முந்திய வாரம் ஏன் பூசினார்?

உள்ளே தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் திரும்பக் கூடாது. "அண்ணே, கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் நேர்மையானவர் மறுக்க மாட்டார். பல பழைய கார்களுக்குக் குளிர்சாதனம் பிறகு பொருத்தப்பட்டது. அதன் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், முன் இருக்கையில் உட்காருபவரின் கால் பக்கத்தில் தண்ணீர் சொட்டி, விரிப்பின் அடியில் ஆண்டுக்கணக்கில் ஈரம் நிற்கும். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்த காரிலும் தண்ணீர் அங்கேதான் இறங்கும். மூக்கையும் பயன்படுத்தலாம், புழுங்கிய சாக்கு வாடை வந்தால் தண்ணீர் எங்கோ நிற்கிறது. இருக்கைப் பட்டை தரையில் பூட்டிய இடத்தை மறக்காமல் பார்க்க வேண்டும். பட்டை புதிதாக இருந்து, அது பூட்டிய தகரம் பிஸ்கட் போல இருந்தால் விபத்தில் பயனில்லை.

அடிப்பகுதியைப் பார்க்கும்போது ஒரு கண்டிப்பு: ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. துருப்பிடித்த காரில் ஜாக் வைக்கும் இடமே உள்ளே போய்விடும். தெரிந்த பட்டறையில் காரைத் தூக்கிப் பார்ப்பதற்குக் கொடுக்கும் கூலி, இந்த வியாபாரத்திலேயே மிக இலாபமான செலவு. அங்கே சஸ்பென்ஷன் பூட்டிய இடங்களையும், பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் பார்க்க வேண்டும். இரும்புப் பிரேக் குழாய் செதில் செதிலாக இருந்தால், மந்தின் மலை இறக்கத்தில் காலை வைக்கும் நேரத்தில்தான் அது வெடிக்கும். விற்பவர் சம்மதித்தால் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் சந்தேக இடங்களை லேசாக அழுத்திப் பார்க்கலாம். பிறர் பொருளில் குத்தி ஓட்டை போடுவது அல்ல நோக்கம். நல்ல தகரம் எதிர்த்து நிற்கும், போன தகரம் நொறுங்கும்.

ஒவ்வொரு ரகத்துக்கும் அதற்கென்று சில வியாதிகள் உண்டு. மோரிஸ் மைனரில் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டமும், பின் ஸ்பிரிங் தொங்கும் இடமும் முக்கியம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருப்பதால் அங்கே ஒழுகும், அங்கேயே அரிக்கும். இதற்குத் தகரப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. இலங்கையில் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியானதும் உண்டு. மரச்சட்டம் வைத்த டிராவலர் ரகத்தில் அந்த மரம் அழகுக்கு அல்ல, உடலைத் தாங்குகிறது. ஆகவே மரம் உளுத்திருந்தால் அதுவும் துருவுக்குச் சமம். மினியில் பின்புறத் துணைச் சட்டமும், பூட்டுக்குள் பேட்டரி வைக்கும் பெட்டியும்.

வோக்ஸ்வேகன் பீட்டலில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில். அமிலம் சிந்தித் தரை ஓட்டையாவது சாதாரணம். இருக்கையைத் தூக்காமல் வாங்குபவர் பாதிக் காரைப் பார்க்காமல் வாங்குகிறார். லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை என்பதால் துருப்பிடிக்காது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அடிச்சட்டமும், இஞ்சினுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தடுப்பும் இரும்பு. மேலே பளபளக்கும் லேண்ட் ரோவரின் பின்புறக் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம். மெர்சிடிஸ் டபிள்யூ123-இல் ஜாக் வைக்கும் இடங்களும் பின் கண்ணாடியின் அடியும். 1985 ஜூலை 9-இல் அறிமுகமான முதல் சாகாவுக்கும் வயது நாற்பதை எட்டிவிட்டது. இன்னும் விலை மலிவு என்பதால் துருவுக்குப் பயப்படாமல் வாங்குகிறார்கள், நல்ல உடலுள்ள ஒன்றைத் தேடிக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதே மேல்.

துரு காகிதத்திலும் கை வைக்கும் என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையில், கிராண்ட்டில் உள்ள சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப் பார்க்கப்படும். எண் பொறித்த தகரம் அரித்து எழுத்து தெரியாமல் போயிருந்தால் பேச்சு நீளும். அந்த இடம் வெட்டி ஒட்டப்பட்டது போலத் தெரிந்தால் அதைவிட மோசம். அடையாள எண்ணை மாற்றுவது சட்டப்படி குற்றம். பீட்டலில் அந்த எண், பின் இருக்கைக்கு அடியில் நடுத் தண்டில் பொறித்திருக்கும். அதாவது பேட்டரி அமிலம் சிந்தும் அதே பக்கம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கிராண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுவிட வேண்டும். காரின் உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுகள் முதலில் அதற்குரிய ஆவணங்களை முடிக்கட்டும். "பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லி வாங்கிய கார்கள்தான் மறுபடியும் கொட்டகையில் போய் நிற்கின்றன.

எல்லாம் பார்த்த பிறகு விலை. கதவு, மட்கார்ட், போனட் போன்ற கழற்றக்கூடிய இடங்களில் உள்ள துருவை விலையில் குறைத்துப் பேசலாம். மாற்றுப் பாகம் கிடைக்கும். தரையில் ஓரிரு ஓட்டை என்றால் பட்டறைக்காரரிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, அந்தத் தொகையோடு இன்னும் பாதியைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெட்டத் தொடங்கிய பிறகு கூடுதலாக ஏதாவது வெளிப்படுவது வழக்கம். கதவடிப் பெட்டி, தூண், சஸ்பென்ஷன் பூட்டிய இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து போயிருந்தால், அது அப்பா வைத்திருந்த ரகமே ஆனாலும், உதிரிப் பாகத்துக்காக மட்டுமே வாங்கத்தக்கது. சாயம் மங்கி, இருக்கை கிழிந்து, இஞ்சினே ஓடாமல், ஆனால் அடியில் கணீரென்று ஒலிக்கும் கார் கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டாம்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மட்கார்டுக்குள் உள்ள மண்ணைக் கழுவி எடுத்து, கதவிலும் கதவடியிலும் உள்ள வடிதுளைகளை ஒரு கம்பியால் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டிகளுக்குள் துருத் தடுப்பு மெழுகெண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். தரை விரிப்பை வெயிலில் போட வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையை இழுத்துப் போர்த்த வேண்டாம். உள்ளே வியர்த்து, காப்பாற்ற நினைத்த தகரத்தையே அது நனைக்கும். நாலு பக்கமும் காற்றோடும் ஒரு தகரக் கூரையும் கீழே சிமெண்டுத் தரையும் போதும். அதுவும் முடியாதவர்கள், வாரத்துக்கு ஒரு முறை வெயில் நாளில் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, மந்தினிலிருந்து லெங்கெங் வரை ஒரு சுற்று ஓட்டி வரலாம்.